இரண்டாக இருக்க வேண்டி ஒரு பூசை

பிலோமின்ராஜைத் தரகர் என்று அவர் காதுபடச் சொன்னவர்கள் எவரும் தங்கள் பெண்ணுக்கு நல்ல இடம் முடித்ததாகச் சரித்திரம் இல்லை. "குடும்ப சேவகர்" என்று சொல்ல வேண்டும். மேலப்புதூரில் தொடங்கி, பாலக்கரையைத் தொட்டு, வையம்பட்டி வரைக்கும் பரவிக்கிடக்கும் கத்தோலிக்கக் குடும்பங்களில் யாருக்கு யார் என்ன முறை, எந்த அண்ணனும் தம்பியும் எந்தச் சுவரை முன்னிட்டுப் பேசிக்கொள்வதில்லை, துபாயில் மேனேஜராக இருக்கும் பையன் உண்மையில் எதற்கு மேனேஜர் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தன. வயது அறுபத்திரண்டு. தலையில் முடி குறைவு. இடம் அதிகம்.

அவருடைய தொழில் இரண்டு தூண்கள்மேல் நின்றது. முதல் தூண், பூர்வீக விசாரணை. கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லலாம் என்று ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்கும். இரண்டாவது ஓலைக்கு அப்புறம் ஒரு கிழவர் எழுந்து, "ரெண்டும் ஒரே கொள்ளுத்தாத்தா பிள்ளைங்க சாமி" என்று சொல்லிவிட்டால் தரகர் மானம் போச்சு. ஆகவே பிலோமின்ராஜ் எந்த வீட்டிலும் காப்பி டம்ளரைக் கையில் வாங்குவதற்கு முன்னால், "பூர்வீகம் எது?" என்று கேட்டுவிடுவார். அவர் முடித்த இடங்களில் ஒரு ஓலைக்கும் தடை வந்ததில்லை.

இரண்டாவது தூண், எதைச் சொல்வது, எதை விடுவது என்ற ஞானம். அவர் பொய் சொல்ல மாட்டார். உண்மைக்குச் சட்டை போட்டு, தலை சீவி, பவுடர் பூசி அனுப்புவார். சர்க்கரை உள்ள மாப்பிள்ளை "சாப்பாட்டுல ரொம்ப கட்டுப்பாடான பையன்." எந்த வேலையிலும் நிற்காதவன் "நாலு கம்பெனி பாத்த அனுபவசாலி." வாயைத் திறந்தால் மூடாத பெண் "மனசுல எதையும் வெச்சுக்காத பிள்ளை."

இந்த மகானோடு குடும்பம் நடத்திய வியாகுலம்மாள், கட்டணம் எதுவும் செலுத்தாமலே இரண்டாவது தூணை முழுமையாகக் கற்றுக்கொண்டிருந்தார். அந்தப் படிப்பின் பயன் போன ஆண்டு தெரியவந்தது.

வையம்பட்டியில் ஒரு நிச்சயதார்த்தம். தன் வெற்றியைத் தானே கொண்டாடும் வகையில் பிலோமின்ராஜ் பிரியாணியில் மூன்றாம் முறை கைவைத்தார். மறுநாள் வயிறு கல்லாக இருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேன் டாக்டர் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, வியாகுலம்மாளை உள்ளே கூப்பிட்டார். வயிற்றில் வாயுதான், ஆனால் இடது கிட்னியில் ஒரு கட்டி தெரிகிறது, அதன் சாயல் நன்றாக இல்லை, கேன்சர் டாக்டர் ஒருவரிடம் உடனே காட்டுங்கள் என்றார்.

"அவர்கிட்ட சொல்லாதீங்க டாக்டர். தாங்க மாட்டார்" என்றார் வியாகுலம்மாள். வெளியே வந்து கணவரிடம், "கேஸாம். பெருங்காயம் போட்டு மோர் குடிச்சா சரியாப் போயிடுமாம்" என்றார். உண்மைதான். வாயுவைப் பற்றிய பகுதி முழு உண்மை.

பிலோமின்ராஜும் சும்மா இருக்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேலாக அவர் குரல் கரகரத்துக்கொண்டிருந்தது. போன் தொழிலில் அது சகஜம் என்று எல்லாரிடமும் சொன்னார், தன்னிடமும் சொல்லிக்கொண்டார். ஒரு பெண்ணின் அப்பா, "யாருங்க பேசறது, பிலோமின்ராஜ் வீட்டு வாட்ச்மேனா?" என்று கேட்ட பிறகுதான், சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனார். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். குரல்நாணில் ஒரு வெள்ளைத் தடிப்பு. துணுக்கு எடுத்துச் சோதித்ததில் கேன்சர். ஆரம்ப நிலை, பயப்பட வேண்டாம், புற்றுநோய் நிபுணரைப் பாருங்கள் என்றார்.

"வீட்ல சொல்ல வேணாம் டாக்டர். தாங்க மாட்டா" என்றார் பிலோமின்ராஜ். வீட்டுக்கு வந்து, "கத்திரிக்காய் ஒத்துக்கலையாம்" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் கத்திரிக்காய் நின்றது. மோர் பெருகியது. ஒருவருக்கொருவர் இவ்வளவு அன்பாக இருந்த வாரங்கள் அவர்கள் இல்லறத்தில் குறைவு.

இனி எந்த டாக்டர்? இங்கே பிலோமின்ராஜின் மூளை தொழில்முறையில் வேலை செய்தது. தரகருக்குக் கேன்சர் என்று தெரிந்தால் நாளைக்கு எந்த வீட்டுக்காரன் நம்பிப் பெண்ணின் போட்டோவைத் தருவான்? மேலப்புதூர், பாலக்கரை, தில்லைநகர் எங்கு போனாலும் பங்குக் கோயில்காரர் ஒருவர் காத்திருப்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஸ்ரீரங்கம்! அங்கே யார் தன்னைத் தெரிந்தவர்கள்? அம்மா மண்டபம் சாலையில் டாக்டர் வேணி என்றொரு கேன்சர் நிபுணர் மாலையில் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டார். "உறையூர்ல ஒரு வரன் விஷயம்" என்று வீட்டில் சொல்லிவிட்டு, ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினார்.

வியாகுலம்மாளின் மூளையும் அதே பள்ளியில் படித்ததுதான். "ஜெபக்கூட்டம்" என்று சொல்லிவிட்டு, ஸ்கேன் படத்தை மடியில் மறைத்துக்கொண்டு, காவிரிப் பாலத்தை ஆட்டோவில் தாண்டினார்.

டாக்டர் வேணியின் கிளினிக்கில் டோக்கன் இலாகா சின்னையன் வசம் இருந்தது. ரகசியம் என்பது அவருக்கு ஆகாத பண்டம். பெயர், வயது, உபாதை மூன்றையும் தெருவில் போகிறவருக்கும் கேட்கும்படி அறிவிப்பார்.

"பிலோமின்ராஜ், அறுபத்திரெண்டு!"

உபாதைக்கு வருமுன்னே முன்வரிசையிலிருந்து பிலோமின்ராஜ் எழுந்தார். தூண் மறைவிலிருந்து வியாகுலம்மாள் எழுந்தார்.

தம்பதியர் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"உறையூரு எப்ப இங்க வந்துச்சு?" என்றார் வியாகுலம்மாள்.

"ஜெபக்கூட்டம் இங்கதான் நடக்குதா?" என்றார் அவர்.

சின்னையன் இரண்டு டோக்கன்களையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே பேரு, ஒரே வயசு, ரெண்டு டோக்கன். ஒண்ணு கிட்னின்னு சொல்லியிருக்கீங்க, ஒண்ணு தொண்டைன்னு சொல்லியிருக்கீங்க. பேஷண்ட் ஒருத்தரா, ரெண்டு பேரா? தெளிவாச் சொல்லுங்க, எனக்கு வரிசை கெடுது."

"கிட்னியா?" என்றார் பிலோமின்ராஜ்.

"தொண்டையா?" என்றார் வியாகுலம்மாள்.

"ரெண்டும் உள்ள போங்க" என்றார் சின்னையன்.

டாக்டர் வேணி நாற்பது வயதுக்காரர். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் பழக்கம் உள்ளவர். மேஜையின் இடப்பக்கம் ஸ்கேன் படம். வலப்பக்கம் துணுக்குச் சோதனை முடிவு. நடுவில் ஒரே நோயாளி. இருவர் சொன்னதையும் குறுக்கிடாமல் கேட்டார்.

"ஆக, கிட்னி விஷயம் கிட்னிக்காரருக்குத் தெரியாது. தொண்டை விஷயம் வீட்டம்மாவுக்குத் தெரியாது. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல முழு பேஷண்டைத் தெரிஞ்ச ஒரே ஆள் எங்க சின்னையன்தான்."

"அவளுக்கு மனசு இளசு டாக்டர்" என்றார் பிலோமின்ராஜ்.

"யாருக்கு? எனக்கா?" என்றார் வியாகுலம்மாள். "ஊசி போட்டாலே கண்ணை மூடிக்கிற மனுஷன் பேசுறாரு."

"சிகரெட் உண்டா?"

"எப்பவாவது டாக்டர். நிச்சயம் முடிஞ்சா ஒண்ணு."

"மாசத்துக்கு எத்தனை நிச்சயம்?"

அவர் கூரையைப் பார்த்தார். வியாகுலம்மாள் அவரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு மருத்துவத்தில் இன்னும் பெயர் வைக்கவில்லை.

"அது தொண்டை, கிட்னி ரெண்டுக்குமே ஆகாது. இன்னையோட முடிஞ்சுது" என்ற டாக்டர், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இப்ப கவனமாக் கேளுங்க. தொண்டையில இருக்கறது தொண்டையோட சொந்தச் சரக்குதான், அது சோதனையில தெரியுது. கிட்னியில இருக்கறது என்னன்னு தெரியாது. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஒரே நோய், ஒரு இடத்துலேருந்து இன்னொரு இடத்துக்குப் பரவியிருக்கு. அப்படின்னா கஷ்டம். மருந்து குடுத்து அடக்கி வைக்கலாம், அடியோட எடுக்க முடியும்னு நான் சொல்ல மாட்டேன். இன்னொண்ணு, ரெண்டும் தனித்தனிக் கேன்சர். தானா வந்தது, ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் தொடர்பே இல்ல. அப்படின்னா ரெண்டும் சின்னது, ரெண்டையுமே குணமாக்கலாம்."

"டாக்டர், நான் படிக்காதவன், கோச்சுக்காதீங்க" என்றார் பிலோமின்ராஜ். "ஒரு கேன்சர் இருந்தா மோசம். ரெண்டு இருந்தா நல்லது. அப்படித்தானே சொல்றீங்க?"

"உங்க விஷயத்துல, ஆமா."

"அதாவது, ரெண்டும் ஒரே குடும்பமா, வேற வேற குடும்பமான்னு விசாரிக்கணும்."

டாக்டர் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "இதைவிட நல்லா எனக்குச் சொல்லத் தெரியாது. பரவறதுக்குத் தொண்டைக் கட்டி இன்னும் சின்னப் பிள்ளை, அதனால தனித்தனியாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். ஆனா நினைப்பை வெச்சு வைத்தியம் பண்ணக்கூடாது. கிட்னியில ஊசி விட்டுத் துணுக்கு எடுப்போம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு மைக்ராஸ்கோப்ல பாப்பாங்க."

"விசாரிக்காம முடிக்கக்கூடாது. சரிதான்" என்றார் பிலோமின்ராஜ். ஆயுளில் முதல் முறையாக, தான் விசாரிக்க முடியாத ஒரு இடத்தை வேறு ஒருவர் விசாரிக்கப் போகிறார் என்பது அவருக்குச் சற்று உறுத்தலாகத்தான் இருந்தது.

ஊசி போட்டார்கள், கண்ணை மூடிக்கொண்டார். முடிவு வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருப்பது தரகருக்குப் பழக்கம். மற்றவர்களைக் காக்க வைப்பதுதான் அவருடைய பழக்கம் என்று சொல்வோரும் உண்டு. எப்படியானாலும், ஒரு பிற்பகல் கட்டிலில் சாய்ந்தபடி வியாகுலம்மாளிடம் சொன்னார்.

"மூஞ்சி வேற வேறயா இருக்குன்னு நம்பிடக்கூடாது வியாகுலம். நான் எத்தனை பாத்திருக்கேன். ஒருத்தன் பனைமரம், ஒருத்தி பூசணிக்காய். விசாரிச்சா ஒரே பாட்டி."

அவர் சிரிக்கவில்லை. வியாகுலம்மாளும் சிரிக்கவில்லை. கணவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, சேலையை மாற்றிக்கொண்டு, கோயில் அலுவலகத்துக்குப் போனார்.

ஞாயிறு பூசையில் ஒலிபெருக்கியில் வாசிக்க ஒரு வேண்டுதல் கருத்து எழுதிக்கொடுத்தார். உபதேசியார் ரெஜிஸ் அதைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"அக்கா, 'பிலோமின்ராஜுக்கு இரண்டு கேன்சர் இருக்க வேண்டி'ன்னு இருக்கு. ஒரு வார்த்தை விட்டுப் போச்சு போல."

"ஒண்ணும் விட்டுப் போகல. அப்படியே வாசி."

ரெஜிஸ் அமைதியை விரும்புபவர். ஞாயிற்றுக்கிழமை ஒலிபெருக்கி முன் நின்றபோது, அக்காவின் மனநிலையை உத்தேசித்துத் தானே ஒரு திருத்தம் செய்தார். "திரு. பிலோமின்ராஜ் அவர்கள் இரண்டு புற்றுநோய்களிலிருந்தும் விடுபட வேண்டி, குடும்பத்தினர்…"

பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. அதற்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

"விடுபடறதை அப்புறம் வேண்டிக்கலாம் ரெஜிஸு! மொதல்ல ரெண்டா இருக்கட்டும்!"

பாடகர் குழுவில் ஆர்மோனியம் ஒரு சுருதியில் மாட்டிக்கொண்டது. ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த பிலோமின்ராஜ் எழுந்து ஏதோ சொல்ல முயன்றார், தொண்டை ஒத்துழைக்கவில்லை. காற்று மட்டும் வந்தது. யாருக்கும் தெரியக்கூடாது என்று அவர் ஆறு கடந்து போய்க் காப்பாற்றிய ரகசியம், அவருடைய வாடிக்கையாளர் அத்தனை பேர் முன்னிலையிலும், மெழுகுவத்தி வெளிச்சத்தில், சட்டையில்லாமல் நின்றது.

பூசை முடிந்ததும் பெண்கள் வியாகுலம்மாளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அண்ணன் மேல அப்படி என்னக்கா கோவம்?"

"கோவமெல்லாம் இல்லடி. ரெண்டு இருந்தா பொழைச்சுக்குவாரு. ஒண்ணுன்னா கஷ்டம்."

"அப்ப மூணு இருந்தா?"

"வாயை மூடு."

கணக்கு வாத்தியார் ஒருவர், வேண்டுவதுதான் வேண்டுகிறோம், நேராகப் பூச்சியம் என்று கேட்டுவிடலாமே என்று தர்க்கம் செய்தார். பங்குத்தந்தை சமாதானமாக, "அவருக்கு எது நல்லதோ அதை ஆண்டவர் செய்வார்ம்மா" என்றார்.

"எது நல்லதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க ஃபாதர். ஆண்டவர் செஞ்சாப் போதும்" என்றார் வியாகுலம்மாள்.

அந்த வாரம் மேலப்புதூரில் ஒரு மனிதனுக்கு இரண்டு கேன்சர் இருக்க வேண்டும் என்று ஜெபமாலை உருட்டிய குடும்பங்கள் ஏராளம். இப்படி ஒரு விண்ணப்பம் மேலே எந்த மேஜைக்குப் போனது, அங்கே எத்தனை பேர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்கள் என்பது நமக்குத் தெரியாது.

முடிவு வந்த மாலை, இருவரும் ஒரே பஸ்ஸில், ஒரே இருக்கையில் உட்கார்ந்து ஸ்ரீரங்கம் போனார்கள். டாக்டர் வேணி அவர்களை உட்காரக்கூட விடவில்லை.

"வேற வேற குடும்பம்."

"நல்லா விசாரிச்சாங்களா டாக்டர்?"

"ரெண்டு டாக்டர் தனித்தனியாப் பாத்தாங்க. தொண்டையில இருக்கறது அங்கேயே பொறந்தது. கிட்னியில இருக்கறது கிட்னியிலேயே பொறந்த வேற ரகம். ஒண்ணை ஒண்ணு கண்ணால பாத்ததில்ல."

"பூர்வீகத்துலகூட?"

"பூர்வீகத்துலகூட."

வியாகுலம்மாள் அப்போதுதான் அழுதார். பிலோமின்ராஜ் கைபேசியை எடுத்து, பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் லிசியைக் கூப்பிட்டார். "ரெண்டும்மா! ரெண்டு!" என்று கரகரத்தார். லிசி அலுவலகத்தில் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து, "எங்கப்பாவுக்கு ரெண்டு கேன்சர்!" என்று கூவ, பக்கத்திலிருந்தவர்கள் ஓடிவந்து அவளைப் பிடித்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். கிளினிக் வாசலில், கண்ணீரும் சிரிப்புமாக வந்த தம்பதியர் சின்னையன் கையில் ஒரு லட்டைத் திணித்தார்கள்.

"இல்லைன்னு வந்துடுச்சா?" என்றார் சின்னையன்.

"ரெண்டுன்னு வந்துடுச்சு" என்றார் வியாகுலம்மாள். சின்னையன் லட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

சிகிச்சை எந்த வரிசையில் என்று மூன்று டாக்டர்கள் கூடிப் பேசினார்கள். தொண்டைக்கு முதலில் கதிர்வீச்சு, கிட்னிக் கட்டி நிதானமானது, அது காத்திருக்கும், அப்புறம் ஆபரேஷன் என்று முடிவாயிற்று. பிலோமின்ராஜுக்கு மட்டும் இதில் ஒரு முறைகேடு தெரிந்தது.

"மூத்தது வீட்ல இருக்கறப்ப இளையதுக்கு முடிக்கறது வழக்கமில்லையே டாக்டர்."

"எது மூத்ததுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கிட்னிதானே பெரிசு?"

"வளர்த்தி வேற, வயசு வேற. படுங்க" என்றார் டாக்டர்.

முகத்தையும் கழுத்தையும் அச்செடுத்த ஒரு வலை முகமூடியை மாட்டி, அசையாமல் படுக்கச் சொன்னார்கள். வார நாட்களில் தினமும் போனார். பாதிக்கு மேல் போனதும் தொண்டை புண்ணாகி, குரல் கிசுகிசுப்பாகி, அதுவும் நின்றது. தொழிலுக்கு வந்த போன்களை வியாகுலம்மாள் எடுத்தார். ஒரு பையனின் அம்மா பெண்ணின் குணம் எப்படி என்று விசாரித்தார். பிலோமின்ராஜ் கைகளை ஆட்டிச் சாடை காட்டினார். வியாகுலம்மாள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"பொண்ணுக்குக் கோவம் வருங்க. வந்தா நாலு தெருவுக்குக் கேக்கும். பத்து நிமிஷத்துல தணிஞ்சுடும். உங்க பையன் காதைப் பொத்திக்குவாருன்னா சொல்லுங்க."

பிலோமின்ராஜ் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அந்த இடம் அடுத்த வாரமே முடிந்தது. இது தற்செயல் என்று இன்றுவரை அவர் கருதுகிறார்.

பிறகு கிட்னி. சின்னத் துளைகள் வழியாக உள்ளே போய், கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்துவிட்டு, மீதிக் கிட்னியை அவரிடமே விட்டுவிட்டார்கள். எடுத்ததன் ஓரம் சுத்தமாக இருந்தது என்றார் சர்ஜன். பங்கு மக்கள் ஹார்லிக்ஸ் பாட்டில்களோடு வந்தார்கள். தரகரை நம்பி யாரும் போட்டோ தரமாட்டார்கள் என்ற பயமும் பொய்த்தது. வந்தவர்களில் பாதிப்பேர் ஹார்லிக்ஸோடு போட்டோவையும் வைத்துவிட்டுப் போனார்கள்.

எல்லாம் முடிந்து முதல் பரிசோதனை. டாக்டர் வேணி குழாயை விட்டு, "ஈ-ன்னு சொல்லுங்க" என்றார்.

"ஈ…"

குரல் கொஞ்சம் தடித்திருந்தது. ஆனால் அது வாட்ச்மேன் குரல் இல்லை.

"சுத்தமா இருக்கு. ஸ்கேனும் நல்லா இருக்கு. ஆனா இனிமே வரவே வராதுன்னு நான் முத்திரை குத்தித் தர மாட்டேன். ரெண்டும் வேற வேற ஆளுங்கறதால ரெண்டையும் தனித்தனியாக் கண்காணிக்கணும். சொன்ன தேதிக்கு வந்துடணும்." அவர் பேனாவை எடுத்தார். "மத்தபடி எப்படி இருக்கீங்க?"

"ஒண்ணும் இல்ல டாக்டர், நல்லா…" என்று தொடங்கிய பிலோமின்ராஜ் நிறுத்தினார். பக்கத்தில் வியாகுலம்மாள் உட்கார்ந்திருந்தார். கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"வாய் காயுது டாக்டர்" என்றார் பிலோமின்ராஜ். "சாம்பார் மண்ணு மாதிரி இருக்கு. அவ மனசு நோகும்னு நல்லா இருக்குன்னு சொல்லிட்டு இருந்தேன். இருமுனா இடுப்புல இழுக்குது. ஸ்கேனுக்கு முந்தின நாள் கையெல்லாம் சில்லுனு ஆயிடுது. பஸ்ல வரும்போதே பயமாத்தான் இருந்துச்சு."

வியாகுலம்மாள் திரும்பி அவரைப் பார்த்தார். "இவ்வளவு இருக்கா?"

"இன்னும் இருக்கு. வலது முட்டி…"

சின்னையன் கதவைத் திறந்து தலையை நீட்டினார். வெளியே கூட்டம். டாக்டர் அவரைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். பிலோமின்ராஜ் முட்டியை முடித்துவிட்டுத் தோள்பட்டைக்கு வந்திருந்தார்.

"அது எப்போலேருந்துன்னு சொல்லுங்க" என்றார் வியாகுலம்மாள், நாற்காலியை அவர் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டு.